துளைநாடாவிலிருந்து இணைய நெறிமுறை வரை: விமானக் கட்டுப்பாட்டின் தரைவழித் தரவு வலையமைப்புகள்

சென்னையிலிருந்து சிங்கப்பூர் செல்லும் விமானம் சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர் ஆகிய மூன்று கட்டுப்பாட்டு மையங்களின் பொறுப்பில் உள்ள வான்பரப்புகளைக் கடக்கிறது. அது எந்த வகை விமானம், எந்த வழியில், எந்த உயரத்தில் பறக்கிறது, எல்லைக்கு எத்தனை மணிக்கு வரும் என்ற விவரங்கள் விமானம் வருவதற்கு முன்பே அடுத்த மையத்துக்குக் கிடைத்தாக வேண்டும். இந்த விவரங்களைக் கொண்டுசெல்வது தரையில் நிலையத்துக்கு நிலையம் விரிந்திருக்கும் தரவுத் தொடர்பு வலையமைப்பு. பயணிகள் கண்ணில் படாத இந்த வலையமைப்பு கடந்த எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பலமுறை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. ஒருமுறைகூட அதை முழுவதுமாக நிறுத்திவிட்டுப் புதியதைத் தொடங்க முடிந்ததில்லை.

தொலைபேசியும் மோர்ஸும்

1920-களில் ஐரோப்பிய விமான நிலையங்கள் விமானம் புறப்பட்ட செய்தியையும் வானிலையையும் கம்பியில்லாத் தந்தி வழியாகப் பரிமாறிக்கொண்டன. மோர்ஸ் தெரிந்த இயக்குநர் ஒவ்வொரு நிலையத்திலும் தேவைப்பட்டார். அமெரிக்காவில் 1935 டிசம்பரில் நியூவார்க்கில் விமான நிறுவனங்களே சேர்ந்து முதல் வழித்தடக் கட்டுப்பாட்டு மையத்தைத் தொடங்கின. பிறகு சிகாகோவிலும் கிளீவ்லாந்திலும் மையங்கள் வந்தன. 1936 ஜூலையில் அரசு இவற்றை ஏற்றது. அந்த மையங்களில் இருந்தவர்கள் விமானியோடு நேரடியாகப் பேசவில்லை. விமான நிறுவனத்தின் அலுவலரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்கள். அவர் வானொலியில் விமானிக்குத் தெரிவித்தார். விமானங்கள் இருந்த இடம் மேசை மேல் விரித்த வரைபடத்தில் நகர்த்தப்படும் சிறு குறிகளாகக் காட்டப்பட்டது.

விமானங்கள் சிலவாக இருந்தவரை இந்த முறை போதுமானதாக இருந்தது. வாய்மொழிச் செய்தியில் ஓர் எண் தவறினாலும் இரண்டு விமானங்கள் ஒரே உயரத்தில் சந்திக்கக்கூடும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நீண்ட தூரப் பயணங்கள் பெருகியபோது, எழுத்தில் பதிவாகும் செய்தி முறை உலகம் முழுவதற்கும் தேவைப்பட்டது.

ஓர் உலகப் பொது முறை

1944 டிசம்பரில் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ 1947 ஏப்ரலில் முறைப்படி இயங்கத் தொடங்கியது. அதன் ‘இணைப்பு 10’ விமானத்துறைத் தொலைத்தொடர்பு பற்றியது. 1949 மே 30 அன்று அது ஏற்கப்பட்டது. ஏ.எஃப்.டி.என். என்று சுருக்கமாக அழைக்கப்படும் விமானத்துறை நிலைத் தொலைத்தொடர்பு வலையமைப்பு இந்த விதிகளின் மேல்தான் வளர்ந்தது.

அதன் அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு முகவரியும் எட்டு எழுத்துகள் கொண்டது. முதல் நான்கு எழுத்துகள் இடத்தைக் குறிக்கும், சென்னைக்கு வி.ஓ.எம்.எம்., கொழும்பு கட்டுநாயக்காவுக்கு வி.சி.பி.ஐ. அடுத்த எழுத்துகள் அந்த இடத்தில் செய்தியைப் பெற வேண்டியது கோபுரமா, வானிலை அலுவலகமா, செய்தி நிலையமா என்பதைச் சொல்லும். செய்திகளுக்கு முன்னுரிமையும் உண்டு. ஆபத்துச் செய்திக்கு எஸ்.எஸ்., அவசரத்துக்கு டி.டி., விமானப் பாதுகாப்புக்கு எஃப்.எஃப்., வானிலைக்கும் பொதுத் தகவலுக்கும் ஜி.ஜி., நிர்வாகச் செய்திக்கு கே.கே. வரிசையில் எத்தனை செய்திகள் காத்திருந்தாலும் ஆபத்துச் செய்தி முதலில் போகும்.

இயந்திரம் டெலிபிரிண்டர். ஐந்து துளைகளால் ஓர் எழுத்தைக் குறிக்கும் தந்திக் குறிமுறையில், வினாடிக்கு 50 துடிப்பு என்ற வேகத்தில் அது இயங்கியது. நிமிடத்துக்குச் சுமார் 66 சொற்கள். ஒரு செய்தியின் உரை 1,800 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. அந்த அளவுள்ள செய்தி ஒன்றை அனுப்பவே நாலரை நிமிடம் ஆகும். குறிமுறையில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. எனவே பறப்புத் திட்டமும் வானிலை அறிக்கையும் சொற்சிக்கனமான சுருக்கக் குறியீடுகளாக வடிவெடுத்தன. அந்த வடிவம் இன்றும் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது.

பெரிய நிலையங்களில் செய்தி வந்ததும் காகித நாடாவில் துளைகளாகப் பதிவாகும். ஊழியர் நாடாவைக் கிழித்து முகவரியைப் பார்ப்பார். அஞ்சலகத்தில் கடிதம் பிரிப்பதைப் போல, போக வேண்டிய தடத்துக்கான இயந்திரத்தில் அதைக் கொண்டுபோய்ச் செருகுவார். ஓர் ஊழியர் நாடாவைத் தவறவிட்டால் ஒரு விமானத்தின் திட்டமே தொலைந்துபோகும். இதனால் ஒவ்வொரு தடத்திலும் செய்திகளுக்குத் தொடர் எண் இடப்பட்டது. எண்ணில் இடைவெளி தெரிந்தால் விடுபட்டதை மீண்டும் கேட்டுப் பெற்றார்கள்.

கணினி வந்த காலம்

1956-இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் மையத்தில் ஐ.பி.எம். 650 கணினி நிறுவப்பட்டது. ஒவ்வொரு விமானத்துக்கும் உரிய விவரத் துண்டுச்சீட்டுகளை அச்சிடுவது அதன் வேலை. அதே ஆண்டு ஜூன் 30 அன்று கிராண்ட் கேன்யன் மேல் இரண்டு பயணி விமானங்கள் மோதி 128 பேர் இறந்தனர். கட்டுப்பாட்டு முறையை நவீனமாக்குவதற்கான அரசியல் ஆதரவும் பணமும் அந்த விபத்துக்குப் பின்பே பெருமளவில் கிடைத்தன.

அடுத்த இருபது ஆண்டுகளில் நாடா கிழிக்கும் வேலை கணினிக்குப் போனது. முகவரியைப் படித்து, முன்னுரிமையைப் பார்த்து, சரியான தடத்தில் அனுப்பி, படி ஒன்றைச் சேமித்து வைக்கும் செய்தி மாற்றுக் கணினிகள் முக்கிய நிலையங்களில் வந்தன. ஐந்து துளைக் குறிமுறைக்குப் பதில் ஏழு பிட் குறிமுறை வந்து, தடங்களின் வேகம் பல மடங்கு கூடியது. அமெரிக்கா அட்லாண்டா, சால்ட் லேக் சிட்டி ஆகிய இரண்டு இடங்களில் மாற்று மையங்களை வைத்து ‘நாடின்’ என்ற தேசியத் தரவு வலையமைப்பை அமைத்தது.

செய்தியைச் சிறு பொதிகளாகப் பிரித்து அனுப்பும் எக்ஸ்.25 என்ற தரம் 1976-இல் வெளியானது. விமானத்துறைக்கு அது பொருத்தமாக இருந்தது: பிழையைத் தானே கண்டு திருத்தும், ஒரு தடம் அறுந்தால் மற்றொன்றில் போகும். இதன் அடிப்படையில் ஐகாவோ உருவாக்கிய ‘சிடின்’ என்ற பொதுத் தரவுப் பரிமாற்ற வலையமைப்பு ஐரோப்பாவில் முக்கிய மையங்களை இணைத்தது. சிறிய நிலையங்கள் பழைய தடங்களிலேயே தொடர்ந்தன. இரண்டு முறைகளும் பக்கத்துப் பக்கத்தில் இயங்க, நடுவில் நுழைவாயில் கணினிகள் ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் கொடுத்தன.

மையத்துக்கு மையம் நேரடியாக

ஏ.எஃப்.டி.என். சேமித்து அனுப்பும் முறை. செய்தி எத்தனை வினாடியில் சேரும் என்ற உறுதி அதில் இல்லை. சில நிமிடங்களில் எல்லை கடக்கப்போகும் விமானத்தைப் பற்றிப் பேச அது போதாது. கட்டுப்பாட்டாளர்கள் தொலைபேசியை எடுத்து, விமானத்தின் அழைப்புப் பெயர், நேரம், உயரம் ஆகியவற்றைச் சொல்லி, மறுமுனையில் திருப்பிச் சொல்லக் கேட்டு உறுதி செய்தார்கள். நெரிசல் நேரத்தில் இந்த வேலையே அவர்கள் கவனத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது.

ஐரோப்பாவில் ‘ஓல்டி’ என்ற முறை இந்த உரையாடலைக் கணினிகளுக்கிடையே நடத்தியது. எல்லைக்குச் சில நிமிடம் முன்பு ஒரு மையத்தின் கணினி தகவலை அனுப்பும். மறுமையத்தின் கணினி பெற்றேன் என்று பதில் சொல்லும். பதில் வரவில்லை என்றால் கட்டுப்பாட்டாளரின் திரையில் எச்சரிக்கை தோன்றும். ஆசிய பசிபிக் பகுதியில் இதே வேலையை ‘ஏ.ஐ.டி.சி.’ என்ற முறை செய்கிறது. 2007-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பரிமாற்றத்துக்கு ஆறாம் பதிப்பு இணைய நெறிமுறையைச் சட்டப்படி கட்டாயமாக்கியது.

பழைய தடங்கள் மூடப்பட்டபோது

இணைய நெறிமுறைக்கு மாறியதற்கு இரண்டு வலுவான காரணங்கள் இருந்தன. ஒன்று, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பழைய குத்தகைத் தடங்களையும் எக்ஸ்.25 சேவைகளையும் கைவிடத் தொடங்கின. பிரான்சின் டிரான்ஸ்பாக் வலையமைப்பு 2012 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. உதிரிபாகமும் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் கிடைப்பது அரிதானது.

இரண்டாவது, செய்தியின் தன்மை மாறியது. 2020 நவம்பர் முதல் வானிலை அறிக்கைகளை எக்ஸ்.எம்.எல். வடிவிலும் பரிமாற வேண்டும் என்று ஐகாவோ விதித்தது. 1,800 எழுத்து வரம்பும் டெலிபிரிண்டர் காலத்து எழுத்துத் தொகுப்பும் உள்ள ஏ.எஃப்.டி.என். அதைச் சுமக்க முடியாது. இதற்கு விடையாக இருப்பது ‘ஏ.எம்.எச்.எஸ்.’ என்ற செய்தி கையாளும் முறை. 1984-இல் வெளிவந்த எக்ஸ்.400 மின்னஞ்சல் தரத்தை ஒட்டியது அது. கோப்புகளை இணைக்கலாம்; செய்தி சேர்ந்ததா என்று அறிக்கை வரும். பழைய எட்டெழுத்து முகவரியைப் புதிய முகவரிக்குள் அப்படியே வைத்துக்கொண்டதால், மாறாத நிலையங்களோடும் தொடர்பு அறுபடவில்லை. இவற்றுக்கு அடித்தளமாக ஐரோப்பாவில் ‘பென்ஸ்’ என்ற பொது இணைய நெறிமுறை வலையமைப்பும், ஆசிய பசிபிக் நாடுகளுக்கு ‘சி.ஆர்.வி.’ என்ற தனியார் மெய்நிகர் வலையமைப்பும் அமைந்தன.

பழுதுகள் கற்பித்தவை

2008 ஆகஸ்டு 26 அன்று அட்லாண்டா அருகிலுள்ள நாடின் மையம் செயலிழந்தது. சால்ட் லேக் சிட்டி மையம் முழுச் சுமையையும் தாங்க முடியாமல் திணற, நூற்றுக்கணக்கான விமானங்கள் தாமதமாயின. 2009 நவம்பர் 19 அன்று அமெரிக்க விமானத்துறையின் தொலைத்தொடர்பு வலையமைப்பில் ரூட்டர் கோளாறால் பறப்புத் திட்டங்கள் போய்ச் சேராமல், அவற்றைக் கையால் உள்ளிட நேர்ந்தது. 2025 ஏப்ரல் 28 அன்று நியூவார்க் வான்பரப்பைக் கவனித்த பிலடெல்ஃபியா மையத்தில் தகவல் தடம் அறுந்து, சுமார் 90 வினாடி ரேடாரும் வானொலியும் இல்லாமல் போயின. அடுத்த மாதமே அமெரிக்க அரசு 4,600-க்கும் மேற்பட்ட இடங்களில் பழைய தொலைத்தொடர்புத் தடங்களுக்குப் பதில் கண்ணாடி இழை, வானொலி, செயற்கைக்கோள் இணைப்புகளைக் கொண்டுவரும் திட்டத்தை அறிவித்தது.

இந்தியாவில் 1995-இல் உருவான இந்திய விமான நிலைய ஆணையமே இந்த வலையமைப்பை நடத்துகிறது. செய்தி மாற்றுக் கணினிகள், செயற்கைக்கோள் இணைப்புகள், மும்பையில் ஏ.எம்.எச்.எஸ். என்று படிப்படியாக அது வளர்ந்தது. 2025 நவம்பர் முதல் வாரத்தில் டெல்லியில் தானியங்கிச் செய்தி மாற்று முறைமை பழுதானபோது, பறப்புத் திட்டங்களைக் கட்டுப்பாட்டாளர்கள் கையாலேயே தயாரிக்க வேண்டியிருந்தது. 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின.

இந்தப் பழுதுகள் சொல்வது தெளிவு. இரண்டாவது மையம் முழுச் சுமையையும் தாங்கும் வலிமையோடு இருக்க வேண்டும். இரண்டாவது தடம் வேறு வழியில் போக வேண்டும். புதிய முறை நிலைபெறும் வரை பழையதை இயக்கும் ஆட்களும் பயிற்சியும் கைவசம் இருக்க வேண்டும். ஓடுபாதைக்கும் முனையக் கட்டடத்துக்கும் கிடைக்கும் கவனம் இந்தத் தடங்களுக்கும் கிடைக்க வேண்டும். புதிய விமான நிலையங்களைத் திட்டமிடும் நாடுகள் தரைவழித் தரவு வலையமைப்பைப் புதுப்பிக்கும் செலவை அந்தத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே சேர்த்துக்கொள்வதுதான் முறை.