பீலின் கந்தகம்: அயர்லாந்து மக்காச்சோளம் சமைக்கக் கற்ற கதை

பஞ்சம் வந்தால் என்ன செய்ய வேண்டும்? தானியத்தை வாங்கிக் கப்பலில் ஏற்றி அனுப்பினால் போதும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். 1846-ல் பிரிட்டிஷ் அரசும் அப்படித்தான் நினைத்தது. ஆனால் தானியம் வேறு, சாப்பாடு வேறு என்பதை அயர்லாந்தின் ஏழைக் குடும்பங்கள் வயிற்று வலியோடு தெரிந்துகொண்டன.

1841 கணக்கெடுப்பின்படி அயர்லாந்தின் மக்கள் தொகை 80 லட்சத்துக்கும் மேல். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் உருளைக்கிழங்கை மட்டுமே நம்பி வாழ்ந்தார்கள். உழைக்கும் ஓர் ஆண் ஒரு நாளைக்கு 5, 6 கிலோ வரை கிழங்கு சாப்பிடுவான். கூட மோர் இருந்தால் அன்றைக்கு நல்ல சாப்பாடு. சமையலும் மிக எளிது. வீட்டில் இருக்கும் ஒரே இரும்புப் பானையில் தோலோடு வேகவைத்து, பிரம்புக் கூடையில் தண்ணீரை வடித்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான். மாவு அரைக்கவோ, ரொட்டி சுடவோ அந்தக் குடிசைகளில் தேவையே இல்லை. அதனால் அந்தப் பழக்கமும் இல்லை.

1845 செப்டம்பரில் கிழங்குச் செடிகளைக் கருகல் நோய் தாக்கியது. அந்த ஆண்டு விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழுகிப் போனது. அப்போதைய பிரதமர் ராபர்ட் பீல் நவம்பரில் ஒரு காரியம் செய்தார். பேரிங் நிறுவனத்தின் மூலம் ரகசியமாக 1,00,000 பவுண்டுக்கு அமெரிக்க மக்காச்சோளம் வாங்க ஏற்பாடு செய்தார்.

ஏன் மக்காச்சோளம்? அது மலிவு என்பது ஒரு காரணம். அயர்லாந்தில் மக்காச்சோள வியாபாரம் அதுவரை பெரிதாக இல்லை என்பது இன்னொரு காரணம். அரசே கோதுமை வாங்கி விற்றால் தங்கள் லாபம் போகிறது என்று வியாபாரிகள் கூச்சல் போடுவார்கள். யாரும் விற்காத பொருளை விற்றால் யாருக்கும் போட்டி இல்லை. சந்தைக் கணக்கில் இது கெட்டிக்காரத்தனமான முடிவுதான். ஆனால் யாரும் விற்காத பொருள் என்றால் யாருக்கும் சமைக்கத் தெரியாத பொருள் என்றும் அர்த்தம் அல்லவா!

1846 பிப்ரவரியில் கார்க் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வந்தன. வந்தது மாவு அல்ல, முழுத் தானியம். கல் போலக் கெட்டியானது. ஓட்ஸும் கோதுமையும் அரைத்துப் பழகிய ஐரிஷ் ஆலைகள் இதன் முன் திணறின. சூளையில் உலர்த்தி, ஆறவைத்து, இரண்டு முறை அரைத்தால்தான் மாவு பதமாக வரும். அதற்கு நாளும் ஆகும், செலவும் ஆகும். மார்ச் கடைசியில் கிடங்குகள் திறக்கப்பட்டு, ஒரு பவுண்டு எடை (சுமார் 450 கிராம்) ஏறக்குறைய ஒரு பென்னிக்கு விற்கப்பட்டது.

வாங்கிப் போன குடும்பங்கள் என்ன செய்யும்? பழக்கப்படி பானையில் போட்டுக் கொஞ்ச நேரம் கொதிக்க வைத்தார்கள். அரைவேக்காட்டு மாவு குடலைப் பதம் பார்த்தது. வயிற்றுப்போக்கு வந்தது. மஞ்சள் நிறத்தைப் பார்த்து "பீலின் கந்தகம்" என்று பெயர் வைத்தார்கள். சமைக்கும் முறையை விளக்கி அரை பென்னி விலையில் சிறு பிரசுரம் போட்டார்கள். ஆனால் 5 வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிக்கும் அதிகமானோருக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியாது!

பசி நல்ல ஆசிரியர். நீண்ட நேரம் கிண்டிக் கிண்டி வேகவைக்க வேண்டும், கொஞ்சம் ஓட்ஸ் மாவு கலந்தால் வாய்க்கு ஒத்துப்போகும் என்பதைச் சில மாதங்களில் கற்றுக்கொண்டார்கள். நம்மூர்க் கேழ்வரகுக் கூழ் போல ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடையில் கிடங்குகளில் மாவுக்குப் பெரும் கிராக்கி.

ஆனால் கற்று முடித்தபோது வாங்கக் காசு இல்லை. 1846-ல் கிழங்கு விளைச்சல் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. ஜூன் மாதம் பீல் பதவி இழந்தார். அடுத்து வந்த ரஸ்ஸல் அரசு, உணவு இறக்குமதியைப் பெரும்பாலும் வியாபாரிகளிடமே விட்டது. அப்போது கருவூலத்தில் நிவாரணப் பொறுப்பில் இருந்தவர் சார்லஸ் டிரெவெலியன். பின்னர் 1859-60-ல் சென்னை மாகாண ஆளுநராக இருந்தவரும் இவர்தான். விலை ஏறியது, அந்தக் குளிர்காலத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள்.

1847-ல்தான் அரசு வழிக்கு வந்தது. மாவாகக் கொடுக்காமல் சமைத்தே கொடுப்பது என்று முடிவானது. கஞ்சித் தொட்டிகளில் மக்காச்சோள மாவும் அரிசியும் கலந்து காய்ச்சி ஊற்றினார்கள். ஜூலையில் ஒரு நாளைக்கு 30 லட்சம் பேர் வரை சாப்பிட்டார்கள். சரியாக வேகாத மாவு என்ற பிரச்சினையே அங்கு இல்லை. ஆனால் இந்த நல்ல ஏற்பாடும் அந்த இலையுதிர் காலத்திலேயே மூடப்பட்டது. பஞ்சம் முடிவதற்குள் ஏறக்குறைய 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதற்கும் அதிகமானோர் நாட்டை விட்டுப் போனார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. மெக்சிகோ மக்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்துத்தான் அரைப்பார்கள். அப்போதுதான் அதிலுள்ள நியாசின் சத்து உடம்பில் சேரும். அந்த முறை தெரியாமல் மக்காச்சோளத்தையே நம்பிய வட இத்தாலியில் ஏழைகளைப் பெலாக்ரா நோய் வாட்டியது. கடல் தாண்டி வந்தது விதை மட்டும்தான். சமையல் கூட வரவில்லை.

பஞ்சம் முடிந்த பிறகும் மக்காச்சோளம் ஐரிஷ் ஏழைகளின் அடுப்பில் பல பத்தாண்டுகள் இருந்தது. ஐரிஷ் மொழியில் அதற்கு "மஞ்சள் மாவு" என்றே பெயர். ஒரு நாட்டுக்கு உணவு அனுப்புகிறவர்கள் எத்தனை டன் என்று மட்டும் கேட்டால் போதாது. அங்கே ஆலை இருக்கிறதா, விறகு இருக்கிறதா, வீட்டில் இருப்பவர்களுக்கு அதைச் சமைக்கத் தெரியுமா என்றும் கேட்க வேண்டும். கணக்குப் புத்தகத்தில் இதற்கெல்லாம் தனிப் பத்தி கிடையாது. ஆனால் விலை கொடுத்தவர்கள் அந்தக் குடிசைகளில் இருந்தவர்கள்தான்.