கோட்-டெ-நெய்ஜ்: தொகுதியும் தலைக்கணக்கும்

கியூபெக் தேசிய சட்டசபையின் 125 தொகுதிகளில் ஒன்று மொன்-றோயல்–ஊத்ரமோன். மொன்றியலுக்கு அகதிகளாக வந்த நம்மில் பலர் முதலில் குடியிருந்த கோட்-டெ-நெய்ஜின் ஒரு பகுதி இதற்குள்தான் வருகிறது.

2018 தேர்தலுக்கு முன் மொன்-றோயல், ஊத்ரமோன் இரண்டும் தனித்தனித் தொகுதிகள். மொன்-றோயலில் 1973 முதல் 1998 வரை உறுப்பினராக இருந்தவர் ஜோன் சியாச்சா. அவரும் சிறுவயதில் இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவரே. பின்வந்தவர்களில் பிலிப் குயார் 2003இலும் பியேர் ஆர்கான் 2007இலும் தெரிவாகினர். இணைந்த தொகுதியில் ஆர்கானுக்குப் பின் 2022இல் மிஷெல் செட்லாக்வே வென்றார். நால்வரும் லிபரல் கட்சியினர்.

இரண்டும் ஏன் ஒன்றாயின? கியூபெக்கில் தொகுதி எல்லை மக்கள்தொகையை அல்ல, வாக்காளர் தொகையை வைத்தே வகுக்கப்படுகிறது. பொதுவாக அது சராசரியிலிருந்து 25 வீதத்துக்கு மேல் விலகக் கூடாது. இவ்விரு தொகுதிகளிலும் வாக்காளர் சராசரியைவிடக் குறைவு.

வாக்காளராகக் குடியுரிமை வேண்டும். அகதிக் கோரிக்கையாளரும் நிரந்தர வதிவாளரும் வரி கட்டினாலும் இந்தக் கணக்கில் இல்லை. கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்குத் தெரியும்: பேரேட்டில் ஏறாத தொகை மீதியில் வராது. தகுதி வந்தவர்கள் குடியுரிமை விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.