குரல் அழுத்தப் பகுப்பாய்வு

பேசுபவரின் குரலை அலசிப் பொய்யைக் கண்டறிவதாகக் கூறும் முறை. 1970களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மன அழுத்தத்தின்போது குரல் தசைகளின் நுண்நடுக்கம் (நொடிக்கு 8–12 அதிர்வுகள்) அடங்கிவிடும் என்பது இதன் அடிப்படை. குரலில் அப்படியொரு நடுக்கம் உண்டா என்பதே உறுதியாக நிறுவப்படவில்லை. அச்சம், களைப்பு, கோபம் எல்லாமே குரலை மாற்றும். பொய்க்கென்று தனி அடையாளம் கிடையாது.

இம்முறையைச் சோதிக்க, ஓக்லஹோமா சிறையொன்றில் கைதானவர்களிடம் அண்மைப் போதைப்பொருள் பயன்பாடு பற்றிக் கேட்டு, விடைகளைச் சிறுநீர்ச் சோதனையுடன் ஒப்பிட்டனர். சோதிக்கப்பட்ட இரு மென்பொருள்களும் சராசரியாகச் சுமார் 15 விழுக்காடு பொய்களையே பிடித்தன. கருவிக்கு அஞ்சிப் பலர் உண்மை சொன்னதும் தெரிந்தது.

அந்த அச்சம் ஆபத்தானது. 1998இல் கலிஃபோர்னியாவின் எஸ்கொண்டிடோவில், தங்கையின் கொலை தொடர்பாக 14 வயதுச் சிறுவனிடம் இக்கருவியைக் காட்டி விசாரித்தனர்; செய்யாத கொலையை அவன் ஒப்புக்கொண்டான். அவன் குற்றமற்றவன் என்று நீதிமன்றம் அறிவித்தது 2012இல்தான்.