எல்லைக்கோடும் மூட்டுவலியும்

1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, விஜயபுரம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலேயே நின்றது. அங்குள்ள தமிழர் மொழிச் சிறுபான்மையினராயினர்.

மூட்டுவாத மருத்துவ வரலாற்றோடு இதற்கு என்ன தொடர்பு? 1992இல் இங்கிலாந்தின் லீட்சு நகரில் ஜாக்கி ஹில் குழுவினர், மூட்டுவாத நோயாளிகளின் மனநிறைவை அளக்கும் வினாநிரலொன்றை வெளியிட்டனர். மருத்துவரின் திறனை மட்டுமன்றி, தகவல் அளித்தல், பரிவு, சிகிச்சைத் தொடர்ச்சி ஆகியவற்றையும் அது அளந்தது. ஆயுள் முழுதும் தொடரும் நோய்க்கு அதுவே பொருத்தமான அளவுகோல்.

தகவலும் பரிவும் மொழிவழியே நிகழ்பவை. காலையில் விரல்கள் எவ்வளவு நேரம் விறைத்திருந்தன என்பது நோயறிதலில் முக்கியக் கேள்வி. எல்லையோரத் தமிழ் மூதாட்டி அதற்கு எம்மொழியில் விடையளித்தார் எனப் பதியாத ஆய்வு, அவரது மனநிறைவை முழுமையாக அளந்ததாகாது.