மடியிலிருந்து பைக்கு: யாழ்ப்பாணத்துக் கைக்கத்தியின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

கத்தி என்றதும் போரும் குருதியுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆயினும், மனிதன் நாள்தோறும் தன்னுடன் கொண்டு திரிந்த கத்திகளுட் பெரும்பாலானவை கயிறு அறுக்கவும், ஏடு நறுக்கவும், பாளை சீவவுமே பயன்பட்டன. போர்வாளுக்கு வரலாறு எழுதப்பட்டது; மடியிற் செருகிய சிறு கத்திக்கு எழுதப்படவில்லை. அக்கத்தியின் பழைய வடிவங்களையும் புதிய வடிவங்களையும், எமது ஊராகிய புத்தூரையும் அதன் அயலையும் மனத்திற்கொண்டு ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் உடையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். வேட்டியும் சால்வையும் அணிந்த யாழ்ப்பாணத்தவனுக்குப் பை என்பது இல்லை. மடியே அவனது பை. வெற்றிலை, பாக்கு, சில்லறைக் காசு யாவும் பனையோலையால் இழைத்த கொட்டப்பெட்டியில் அடங்கி மடியிற் குடியிருந்தன. மடியிற் செருகும் கத்திக்கு உறை வேண்டும். அன்றேல் அது மடக்கப்படல் வேண்டும். மடக்குக்கத்தி ஐரோப்பாவில் மிகத் தொன்மையானது. ஒஸ்திரியாவின் ஹால்ஸ்டாற் என்னுமிடத்திற் கிடைத்த, எலும்புப் பிடியுடைய மடக்குக்கத்தி ஏறத்தாழ கி.மு. ஆறாம் நூற்றாண்டினது என்பர். எனவே, உறையிலிடுவது பழமை, மடக்குவது புதுமை என்று கொள்வது பொருந்தாது.

தமிழரிடையேயும் மடக்கும் கருவி இருந்தது. அது எழுதுவோனின் கருவியாக இருந்தமை சிந்திக்கத்தக்கது. குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என எழுத்தாணிகள் பலவகைப்படும். அவற்றுள் வாரெழுத்தாணி ஏட்டை வாருவதற்குரிய கத்தியைத் தன்னிடத்தே கொண்டது. மடக்கெழுத்தாணியோ எழுத்தாணியையும் கத்தியையும் பிடிக்குள் மடக்கி வைக்கத்தக்கது. கண்டிச் சிங்களவரின் அணிசெய்யப்பட்ட கத்தியுறைகள் சிலவற்றிலும் கத்தியுடன் எழுத்தாணி சேர்ந்திருத்தலைக் காணலாம்.

மேனாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. பறவையிறகாற் பேனா செய்த காலத்தில் அதன் முனையைச் சீவுவதற்கு எழுதுவோர் ஒரு சிறு கத்தியை உடன் வைத்திருந்தனர். பேனா என்ற சொல்லே இறகு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பேர்மிங்காம் நகரிலே உருக்குப் பேனா முனைகள் பெருந்தொகையாக உற்பத்தியானபின் சீவுவதற்கு இறகு இல்லாது போயிற்று; ஆயினும் பேனாக்கத்தி என்ற பெயர் நிலைத்தது. எமது எழுத்தாணிக்கு அத்தகைய மறுவாழ்வு கிட்டவில்லை. புத்தூருக்கு அயலிலுள்ள சிறுப்பிட்டியில் 1832 இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏடுகளைத் தேடித் தொகுத்து, வீரசோழியத்தை 1881 இலும் கலித்தொகையை 1887 இலும் அச்சேற்றினார். ஏட்டுக்கு அச்சு வாழ்வளித்தது. எழுத்தாணிக்கோ வேலை ஒழிந்தது.

வேலை ஒழியாத கத்திகளும் இருந்தன. அவற்றுட் சிறந்தது சீவல் தொழிலாளியின் பாளைக்கத்தி. பனையின் பாளையை நாள்தோறும் மெல்லிதாகச் சீவினாலன்றிக் கள் சுரவாது. அலகு மழுங்கினாற் பாளை கெடும். ஆதலின் தீட்டுவதும் அத்தொழிலின் ஒரு கூறாயிற்று. அக்கத்தி ஊர்க் கம்மாலையிலே ஒருவனது கைக்கேற்ப அடிக்கப்பட்டது. கொல்லன் இரும்பைக் காய்ச்சி அடித்து, நீரிலே தோய்ச்சல் வைத்து அலகை வன்மைப்படுத்தினான். தேய்ந்தால் அதே உலைக்கு அது மீண்டும் சென்றது. செய்தவனும் கொண்டு திரிந்தவனும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர்.

இந்நிலைக்கு எதிரானது கடையில் வாங்கும் வில்லுக்கத்தி. பிடியின் முதுகிலுள்ள வில்லின் அழுத்தத்தால் அலகு திறந்தும் மூடியும் நிற்பதால் யாழ்ப்பாண வழக்கில் அப்பெயர் பெற்றது. இங்கிலாந்தின் செபீல்ட் நகரம் பதினான்காம் நூற்றாண்டிலேயே கத்திக்குப் பெயர்பெற்றது. துருப்பிடியா உருக்கை ஹரி பிரியேளி 1913 இல் அந்நகரிலேயே உருவாக்கினார். சுவிற்சர்லாந்திலே கார்ல் எல்செனர் 1891 இற் படையினருக்குக் கத்தி வழங்கத் தொடங்கினார். துப்பாக்கியைக் கழற்றும் திருப்புளியும் தகரப்பேணி திறக்கும் அலகும் அதில் இடம்பெற்றன. 1897 இல் அவரது அதிகாரிகள் கத்தி பதிவுசெய்யப்பட்டது. தொழிலுக்கொரு கத்தி என்ற நிலை மாறி, எல்லாத் தொழிலுக்கும் ஒரே கத்தி என்ற நிலை தோன்றிற்று.

இம்மாற்றத்தை வெறும் இழப்பாகக் கருதி இரங்குவோர் உளர். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். இடையிலே தொங்கிய பாளைக்கத்தி தொழிலை மாத்திரம் காட்டவில்லை. அதனைத் தாங்கியவனின் பிறப்பையும் ஊரறியக் காட்டிற்று. யாழ்ப்பாணத்திலே ஒடுக்கப்பட்ட மக்கள் மேற்சட்டை அணிவது தடுக்கப்பட்டிருந்தமை இருபதாம் நூற்றாண்டிலும் நிலவிய கொடுமையாகும். சட்டையே மறுக்கப்பட்டவனுக்குச் சட்டைப்பை எங்ஙனம் வாய்க்கும்? கொல்லனும் குடிமை முறையாற் பிணிக்கப்பட்டவனே; அவன் பெற்ற தானியம் அவன் விரும்பிப் பேசிய விலையன்று. பொது இடங்களிற் சாதியின் பெயரால் மக்களைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இலேயே வந்தது. கடையில் வாங்கிய வில்லுக்கத்தி தன்னை வைத்திருப்பவன் யார் என்று எவருக்கும் சொல்வதில்லை. பையினுள் மறைந்திருக்கும் அக்கத்தி ஆசிரியனுக்கும் கமக்காரனுக்கும் தொழிலாளிக்கும் பொதுவானது. அந்த மௌனத்தில் ஒரு விடுதலை உண்டு.

அண்மைக் காலக் கத்திகள் வேறொரு திசையிற் சென்றுள்ளன. அமெரிக்காவில் 1981 இல், பையின் விளிம்பிற் பற்றும் கவ்வியும் ஒரு கையால் திறப்பதற்கான துளையும் உடைய கத்தி விற்பனைக்கு வந்தது. அலகைப் பூட்டும் அமைப்புகளும் பரவின. பிரித்தானியாவின் 1988 ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டமோ, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத அலகுடைய, பூட்டற்ற மடக்குக்கத்தியையே காரணம் கேளாது பொது இடத்திற் கொண்டு செல்ல விடுகின்றது. இலண்டனில் வாழும் எம்மவர் ஒருவர் தம் பாட்டனாரின் பழைய வில்லுக்கத்தியைப் பையில் வைத்திருக்கலாம். பூட்டுடைய புதிய கத்தியைத் தக்க காரணமின்றி வைத்திருத்தல் குற்றமாகும். ஊரார் கண் செய்த கண்காணிப்பை இன்று சட்டம் செய்கின்றது. அறிமுகமற்றோர் கூடிவாழும் நகரத்தில் அது தவிர்க்கவியலாததே.

பழைய கத்தி சிறந்ததா, புதிய கத்தி சிறந்ததா என்ற வினாவுக்கு இரும்பை மாத்திரம் ஆராய்ந்து விடை காணவியலாது. பழையது தன்னைச் செய்த கையை நினைவிற் கொண்டிருந்தது. அதனுடன் அக்கையைப் பிணித்த விலங்கையும் தாங்கியிருந்தது. புதியது விலங்கை அறுத்தது, கையையும் மறந்தது. விலங்கின்றி அக்கையை மதித்தல் இயலாததன்று. கொல்லன் தன் உழைப்புக்குத் தானே விலைகூறி, தன் பிள்ளை விரும்பினால் மாத்திரம் அத்தொழிலைத் தொடரும் கம்மாலைக்கு நாம் தேய்ந்த கத்தியை எடுத்துச் செல்வோமாயின், அஃது அதற்கொரு தொடக்கமாகும். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது வீடுகளிற் கைவிடப்பட்டுப் போன பொருள்கள் எண்ணற்றவை. எஞ்சிய எழுத்தாணியையும் பாளைக்கத்தியையும் பழம்பொருளாகக் கண்ணாடிப் பெட்டியில் வைக்குமுன், அவற்றைப் பிடித்தவரின் வரலாற்றைக் கேட்டு எழுதிவைத்தல் எம் தலைமுறை மாணவரின் கடனாகும்.