பாப்பாத்தி கிணறு

1783-இல் கர்னல் புல்லார்ட்டனின் கிழக்கிந்தியக் கும்பினிப் படை பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்த கையோடு சிவகிரி மேல் பாய்ந்தது. பாளையக்காரர் தம் ஆட்களோடு மேற்கு மலைக் காட்டுக்குள் ஒதுங்கினார். ஆனால் ராயகிரி, சிவகிரிப் பக்கத்துச் சம்சாரிகள் ஒதுங்க இடமேது? எந்தப் படை வந்தாலும் அதற்கு நெல் வேண்டும், பொதி சுமக்க மாடு வேண்டும். இரண்டும் அவர்கள் வீட்டில்தான் இருந்தன.

தஞ்சாவூரிலும் அன்று இதே நிலைதான். 1781-இல் ஹைதர் அலியின் படை சீமையைச் சூறையாட, கோட்டைக்குள் பஞ்சம். வெளியே நெல் இருந்தது; உள்ளே கொண்டுவர மாடில்லை. முன்பு மாடு கொடுத்தவர்களுக்குக் கூலி கிடைக்காததால் ராஜாவின் வாக்கையும் கும்பினியின் வாக்கையும் யாரும் நம்பவில்லை. கடைசியில் சுவார்ட்ஸ் ஐயரைக் கேட்டார்கள். "என் கையாலேயே கூலி தருகிறேன்" என்று அந்த ஜெர்மானியக் குருவானவர் ஓலை அனுப்பியதும் மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் போயிற்று. சொன்னபடியே அவர் கூலியையும் தீர்த்தார். 1798-இல் அவர் இறந்த பின், இங்கிலாந்தின் பெயர்பெற்ற சிற்பி பிளாக்ஸ்மனிடம் சொல்லிப் பளிங்கில் நினைவுச் சின்னம் செய்வித்தார் சரபோஜி மன்னர். அது தஞ்சைக் கோட்டைக் கிறிஸ்தவக் கோயிலில் இன்றும் இருக்கிறது. தகும், அவர் செய்தது பெரிய காரியம்.

என் மனம் நிற்பது அவர் ஞானஸ்நானம் கொடுத்த ஒரு பெண்ணிடம்.

அவள் தஞ்சைச் சீமைப் பிராமணக் கைம்பெண். கணவனின் சிதையில் ஏற இருந்தவளை ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரி மீட்டார் என்பது செவிவழிச் செய்தி. அவரோடு வாழ்ந்தாள், கிறிஸ்தவ வேதத்தை அவரிடமே கற்றாள். ஞானஸ்நானம் வேண்டும் என்று சுவார்ட்ஸிடம் கேட்டபோது, மணமாகாமல் வாழ்கிறவளுக்குத் தர முடியாது என்று மறுத்துவிட்டார். பிறந்த குலம் கைவிட்டாயிற்று, நம்பி வந்த சபையும் வாசலைச் சாத்திற்று. பிறகு அந்த அதிகாரியும் இறந்துபோனார். இத்தனைக்கும் பிறகு அவள் தன் விசுவாசத்தை விடவில்லை. 1778-இல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோது மறுபடியும் போய்க் கேட்டாள். இம்முறை கிடைத்தது. கிளாரிந்தா என்ற பெயரும் சேர்ந்து வந்தது.

1780-இல் எழுதிய பாளையங்கோட்டைச் சபைப் பதிவில் இருப்பவர்கள் 40 பேர். பல சாதியார். திருநெல்வேலிச் சீமையில் புராட்டஸ்டன்ட் சபையின் தொடக்கம் அந்த 40 பேர்தான். மிஷன் சங்கம் பணம் அனுப்பி, பாதிரியார் வந்து தங்கி உண்டான சபை அல்ல அது. உபதேசியார் ஒருவரை அனுப்புங்கள் என்று கிளாரிந்தா தஞ்சாவூர் வரைக்கும் போய்க் கேட்டாள். பாளையங்கோட்டைக் கோட்டையின் ஆங்கிலேயர் சிலர் உதவ, அவள் எழுப்பிய சிறிய கோயிலை 1785-இல் சுவார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார். சிவகிரிச் சண்டை முடிந்து இரண்டே ஆண்டு! அந்தப் பயணத்தில்தான் இந்தச் சபையிலிருந்து ஒரு சிறுவனைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனார். பின்னாளில் கீர்த்தனைகளால் புகழ்பெற்ற வேதநாயக சாஸ்திரியார் அவர்தான்.

கோயில் கட்டியதைச் சபை வரலாறுகள் எழுதிவைத்தன. கிணறு வெட்டியதை ஊர்தான் நினைவில் வைத்தது. கோட்டைப் பக்கம் வருவோர் போவோருக்குத் தண்ணீர் கிடைக்கட்டும் என்று தன் செலவில் ஒரு கிணறு தோண்டினாள். பாப்பாத்தி கிணறு என்றார்கள். கோயிலும் பாப்பாத்தியம்மாள் கோயில் ஆயிற்று. விளைந்த நெல்லும் உழுத மாடும் படைகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், யாரிடமும் எதையும் கேட்காமல் கொடுக்க ஒரு கிணறு இருந்தது. இதைவிடப் பெரிய உபகாரம் அந்தச் சீமையில் அன்று என்ன நடந்தது என்று தேடிப் பார்க்கிறேன், எனக்குத் தென்படவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குத் தெரிந்தது அவள் பிறந்த சாதி. சபைக்குத் தெரிந்தது அது வைத்த பெயர். பெற்றவர்கள் அழைத்த பெயருக்கு இரண்டிலும் இடமில்லை.

1915-இல் அ. மாதவையா இவளைக் கதைத்தலைவியாக்கி ஆங்கிலத்தில் 'கிளாரிந்தா' என்ற நாவலை எழுதினார். அவரும் திருநெல்வேலிச் சீமைக்காரர். பெருங்குளத்தில் பிறந்த பிராமணர். பாளையங்கோட்டைக் கோயில் எழும்பி அப்போது 130 ஆண்டுகள் ஆகியிருந்தன.