பெயரில்லாத முகங்கள்

கரும்புத் தீவுகளுக்குப் போனவர்களைப் பற்றிப் புதுச்சேரியில் நாம் பேசும்போதெல்லாம் கப்பல்களையும் தலைக்கணக்கையுமே பேசுகிறோம். அவர்களுடைய முகங்கள் நம் பேச்சில் வருவதில்லை. ஆனால் முகங்கள் இருக்கின்றன.

1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிந்தபின், கரீபியத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1853 மே மாதம் ‘ஒரேலி’ என்ற கப்பல் புதுச்சேரிப் பக்கத்து ஆட்களை மர்தினிக் தீவில் இறக்கியது. 1854 டிசம்பர் 24 அன்று அதே கப்பல் குவாதலூப்பை அடைந்தது. 1889க்குள் குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேரும், மர்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சென்றனர். 1861ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் கல்கத்தாவிலிருந்தும் ஆட்கள் ஏற்றப்பட்டனர் என்றாலும், தமிழர் பங்கு பெரிது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட அஞ்சலட்டை வணிகம் இத்தீவுகளை எட்டியது. சந்தை, கரும்பு வெட்டு, தெருக்காட்சி ஆகியவற்றோடு ‘இந்தியப் பெண்’ணும் விற்பனைக்கு வந்தாள். நகைகள் துலங்கும்படி நிற்கவைத்து எடுத்த படங்கள் அவை. மூக்குத்தியையும் காப்பையும் நம்மால் இன்றும் இனங்காண முடிகிறது. அடியில் அச்சிட்டிருப்பதோ ‘கூலி’ என்ற சொல், அல்லது இனப்பெயர். ஆளின் பெயர் இல்லை.

மொரீசியசில் கதை வேறு. அங்கே 1867ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தம் முடிந்தவர்களும் புகைப்படம் ஒட்டிய அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்றது. காவலர் பிடித்து விசாரிப்பதற்கான ஏற்பாடு அது, கொடுமையானது. ஆனாலும் அதன் விளைவாக முகமும் பெயரும் எண்ணும் ஒன்றாகப் பதிவாயின. மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணங்களில் கொள்ளுப்பாட்டன் முகத்தைத் தேடிக் கண்டவர்கள் உண்டு. அடக்கியாள எடுத்த படம் பெயரைக் காத்தது. அழகென்று எடுத்த படம் அதைத் தொலைத்தது. இம்முரண் நம்மை உறுத்துகிறது.

அஞ்சலட்டைகள் விற்ற அதே காலத்தில் குவாதலூப்பில் ஒருவர் பெயர்களுக்காகவே வழக்காடிக்கொண்டிருந்தார். கப்பேஸ்தரில் 1863இல் பிறந்த ஹென்றி சிதம்பரம் அவர். இந்திய வழியினரின் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் ஏற வேண்டுமென்று 1904இல் அவர் தொடங்கிய போராட்டம், 1923இல்தான் வென்றது. மாரியம்மனும் மதுரை வீரனும் நாகூர் மீராவும் உச்சரிப்புச் சற்றே திரிந்து அத்தீவுகளின் வழிபாட்டில் இன்றும் அழைக்கப்படுகிறார்கள். தெய்வங்களின் பெயர்கள் வாய்வழியே பிழைத்தன. படத்தில் நின்ற பெண்ணின் பெயருக்கு அந்த வழியும் வாய்க்கவில்லை.

அத்தகைய அஞ்சலட்டை ஒன்று பழம்பொருள் கடையிலோ இணையத்திலோ நம் கண்ணில் படும்போது, அரிய படம் என்று வியப்பதோடு நின்றுவிட வேண்டாம். அவள் எந்த ஊர்க்காரி, எந்தக் கப்பலில் ஏறினாள் என்று கேட்கத் தொடங்குவோம். அவள் கரையை விட்டுப் போன ஊர்களில் வாழும் நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?